காய்ந்த படகுக்குத் தண்ணீர்

1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மத் துறையிலிருந்து ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 32 அடி நீளமுள்ள ஒரு பாய்மரப் படகில் தனியாகப் புறப்பட்டார். நடுவில் எந்தத் துறையிலும் இறங்காமல் உலகைச் சுற்றி, 312 நாள் கழித்து அதே ஊருக்குத் திரும்பினார். அதைச் செய்த முதல் மனிதர் அவர். படகின் பெயர் சுஹைலி. பம்பாயில் இந்தியத் தச்சர்கள் தேக்கில் கட்டியது.

தென்கடலின் அலைகளுக்குத் தாக்குப்பிடித்த அந்தப் படகு அருங்காட்சியகத்தின் காற்றுக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. 1990-களின் பிற்பகுதியில் அதை கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். மழை இல்லை, வெயில் இல்லை, ஈரத்தைக் கட்டுப்படுத்திய சுத்தமான கூடம். அங்கே பலகைகள் சுருங்க ஆரம்பித்தன. இப்படியே விட்டால் படகு செத்துவிடும் என்று 2002-இல் நாக்ஸ்-ஜான்ஸ்டன் அதை வெளியே கொண்டுவந்து மறுபடி செப்பனிட்டார்.

பழைய மரப்படகுகள் பலவற்றின் கதை இதுதான். கொட்டகையில் பத்து வருடம் பத்திரமாக வைத்திருந்ததை ஒருநாள் திறந்து பார்த்தால், பலகைக்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது. பார்த்தவுடன் கை மக்கு டப்பாவைத் தேடுகிறது. படகு கெடுவது அந்த இடத்தில்தான். காய்ந்த படகுக்குக் குறைவது தண்ணீர். முதலில் தண்ணீரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அடைப்பது அப்புறம். இந்த வரிசை மாறினால் மற்ற வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பயனில்லை.

பலகை ஏன் பிரிகிறது

ஐப்பசி மழையில் வீட்டுக் கதவு நிலையில் இறுகிக்கொண்டு சாத்த வராது; சித்திரையில் அதே கதவு லொடலொடக்கும். கோடையில் மாட்டுவண்டிச் சக்கரம் கழன்று ஆடினால் குளத்தில் இறக்கி ஊறப்போடுவார்கள். படகும் அதே கணக்குதான்.

மரம் நீளவாட்டில் அநேகமாகச் சுருங்காது, அகலத்தில்தான் சுருங்கும். பச்சை மரம் முற்றிலும் காயும்போது தேக்கு, வளர்ச்சி வளையங்களின் போக்கில் சுமார் 5.8 சதவீதமும், நடுத்தண்டிலிருந்து வெளிநோக்கிய போக்கில் சுமார் 2.5 சதவீதமும் சுருங்கும். இந்தச் சுருக்கம் மரத்தின் ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் தொடங்குகிறது. தண்ணீரில் கிடக்கும் பலகையின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். பாதி ஈரப்பதமுள்ள அறைக்காற்றில் மாதக்கணக்கில் நின்றால் அது 9, 10 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 150 மில்லிமீட்டர் அகலப் பலகைக்குக் கணக்குப் போட்டால், அறுத்த விதத்தைப் பொறுத்து ஒன்றேகால் மில்லிமீட்டர் முதல் மூன்று மில்லிமீட்டர் வரை இடைவெளி. ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு பலகை என்றால் பன்னிரண்டு இடத்தில் அந்த இடைவெளி.

தேக்கு சுருக்கம் குறைந்த மரம். ஓக் பலகையில் இதே கணக்கு ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

எந்த வகைப் படகு

வேலையைத் தொடங்கும் முன் படகின் உடம்பு எப்படிக் கட்டப்பட்டது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு வகையில் பலகைகள் விளிம்போடு விளிம்பு முட்டி, வெளிப்புறம் வழுவழுப்பாக இருக்கும். சந்துகளில் பஞ்சுத் திரி அடித்து மக்கு பூசியிருப்பார்கள். சுஹைலி அந்த வகை. இன்னொன்றில் வீட்டுக் கூரை ஓடுபோல ஒரு பலகையின் விளிம்பு அடுத்ததன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். 1942-இல் ஸ்வீடனில் வரையப்பட்ட நார்டிக் ஃபோக்போட்டின் மரப்படகுகள் அப்படிப்பட்டவை. அந்த வகையில் சந்துக்குள் பஞ்சு அடிக்கக் கூடாது; அடித்தால் செம்பு ஆணிகள் இழுபட்டுப் பலகை பிளக்கும். ஆணிகளைச் சரிபார்த்து, நிதானமாக ஊறவைத்தாலே பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும். இனி வரும் முறை முட்டுப்பலகைப் படகுக்கு உரியது.

இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். படகின் முதுகெலும்பான அடிமரம் ஏரா. பலகைகளை உள்ளிருந்து தாங்கும் விலாச்சட்டம் வங்கு.

1. காய்வதை நிறுத்துங்கள்

வந்த முதல் நாளே செய்ய வேண்டியது, படகை வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் மறைப்பது. தென்னங்கீற்றோ தார்ப்பாயோ போட்டு நிழல் கட்டுங்கள். பக்கவாட்டில் தரை வரை படுதா தொங்கட்டும். உள்ளே தரையை நனைத்து வைத்தால் அந்த ஈரக்காற்றிலேயே பாதி வைத்தியம் தொடங்கிவிடும். கான்கிரீட் தளத்தைவிட மண்தரை நல்லது.

படகின் எடை முழுவதும் ஏராவில் உட்கார வேண்டும். பக்கத்து முட்டுகள் சாயாமல் பிடித்துக்கொள்ள மட்டுமே. ஒரு முட்டில் எடை ஏறினால், காய்ந்து தளர்ந்த உடம்பு அந்த இடத்தில் உள்வாங்கும். அப்படி வளைந்த படகை ஊறவைத்தால் அந்த வளைவோடேயே இறுகிவிடும். ஏராவின் கீழே ஒரு நூல் கட்டி, இரு முனையும் தொங்கிவிட்டதா என்று பார்த்துச் சரிசெய்த பிறகுதான் அடுத்த வேலை.

2. காய்ந்ததையும் கெட்டதையும் பிரித்தறியுங்கள்

சுருங்கிய மரம் திரும்பி வரும். உளுத்த மரம் வராது. ஒரு சின்னச் சுத்தியால் பலகையைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் கணீரென்று பேசும். கெட்ட இடம் பொத்தென்று சொல்லும். சந்தேகமான இடத்தில் குத்தூசியை அழுத்திப் பாருங்கள். எளிதில் இறங்கினால் சாக்பீஸால் வட்டமிட்டு வையுங்கள்.

மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சைக்கு 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் வேண்டும். காய்ந்த படகில் அது தூங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் தண்ணீர் காட்டியதும் எழுந்துவிடும். அதனால் ஊறவைப்பதற்கு முன்பே உளுத்த பகுதியை வெட்டி எடுத்துவிட வேண்டும். படகு பெரும்பாலும் மேலிருந்துதான் உளுக்கும். கடல்நீர் அதற்கு எதிரி அல்ல. தளத்தின் வழியே கசிந்து மூலையில் தேங்கும் மழைநீர்தான் எதிரி. வங்குகளின் தலைப்பகுதி, பின்பலகையின் ஓரம், பாய்மரம் ஊன்றிய இடம் மூன்றையும் இருமுறை பாருங்கள்.

அடுத்து ஆணிகள். இரும்பு ஆணி துருப்பிடித்தால் தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கருக்கி மென்மையாக்கிவிடும். இடத்துக்கு ஒன்றாக நான்கைந்து ஆணிகளைப் பிடுங்கிப் பாருங்கள். இடுப்பில் மெலிந்திருந்தால் புதிதாக அடிக்க வேண்டியதுதான். சிலிக்கன் வெண்கலத் திருகாணி விலை அதிகம், ஆனால் துருப்பிடிக்காது. ஏராவின் அடியில் ஈய எடையையோ இரும்பு எடையையோ தாங்கும் பெரிய போல்ட்டுகளில் ஒன்றையாவது கழற்றிப் பார்க்காமல் தண்ணீரில் இறக்காதீர்கள்.

3. பழைய பூச்சை எடுங்கள், கவனமாக

பழைய படகுப் பூச்சுகளில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டால் அந்தத் தூள் நுரையீரலுக்குப் போகும். நனைத்துச் சுரண்டுங்கள், முகமூடி, கையுறை கட்டாயம். குழந்தைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது. சுரண்டிய கழிவைத் துணியில் கூட்டி எடுங்கள், மண்ணில் விடாதீர்கள். மரத்தோடு நன்றாக ஒட்டியிருக்கும் பூச்சைப் பிடுங்க வேண்டாம். அதுவும் ஈரத்தைப் பிடித்துவைக்கும் தோல்தான்.

4. சந்துகளைச் சுத்தம் செய்யுங்கள்

முட்டுப்பலகைச் சந்து உள்பக்கம் இறுக்கமாகவும் வெளிப்பக்கம் விரிந்தும், ஒரு சின்ன வாய்க்கால்போல இருக்கும். அதில் அடியில் பஞ்சு, மேலே மக்கு. இறுகிக் கல்லாகிப்போன மக்கை வளைந்த கொக்கி உளியால் இழுத்து எடுக்க வேண்டும். பழைய அரத்தின் முனையைக் காய்ச்சி வளைத்துத் தீட்டிக்கொண்டாலே போதும். மின்ரம்பத்தை இதற்குக் கொண்டுவரவே கூடாது. ஒரு கணம் கை பிசகினால் பலகையின் விளிம்பு போய்விடும். விளிம்பு போன சந்தில் பஞ்சு நிற்காது.

பஞ்சைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக, வெளுப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். கறுத்துப் பொடிந்தால் எடுத்துவிடுங்கள். எல்லாச் சந்தையும் ஒரே நாளில் காலி செய்யாதீர்கள். அடித்து இறுக்கிய பஞ்சுதான் பலகைகளை ஒன்றோடொன்று நெருக்கி உடம்புக்கு விறைப்புத் தருகிறது. ஒன்று விட்டு ஒன்றாகச் செய்தால் படகு தன் வடிவத்தை விடாது.

5. ஈரத்தைத் திருப்பிக் கொடுங்கள்

வேலையின் நடுக்கட்டம் இது. கைக்கு வேலை குறைவு, மனசுக்கு அதிகம்.

பழைய கோணிச்சாக்குகளைக் கடல்நீரில் நனைத்துப் பலகைகள்மேல் உள்ளும் புறமும் தொங்கவிடுங்கள். கடல்நீர் கிடைக்காத இடத்தில் நல்ல தண்ணீரில் உப்புக் கரைத்துக்கொள்ளலாம். பூஞ்சை உப்பை விரும்பாது. காலையும் மாலையும் சாக்கை நனைத்தால் போதும். மேலே பூவாளியால் லேசாகத் தெளிக்கலாம். குழாயைத் திறந்து பீய்ச்ச வேண்டாம். மேல்தோல் மட்டும் ஊதி, உள்ளே காய்ந்தே இருந்தால் பலகை கிண்ணம்போல வளையும். சில நேரம் நடுவில் பிளக்கும்.

படகின் உள்ளே தண்ணீரை நிரப்பி ஊறவைக்கும் ஆசை பலருக்கும் வரும். செய்யாதீர்கள். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன். படகின் உடம்பு வெளியிலிருந்து உள்ளே தள்ளும் கடலின் அழுத்தத்தைத் தாங்கத்தான் கட்டப்பட்டது. கரையில் முட்டுகளின்மேல் நிற்கும்போது உள்ளே டன் கணக்கில் தண்ணீர் ஊற்றினால் பலகைகள் வங்கிலிருந்து வெளிநோக்கிப் பிடுங்கப்படும். அடிவயிற்றில் நாலு விரல் ஆழத்துக்குமேல் வேண்டாம்.

ஒரு நோட்டுப் போடுங்கள். படகின் இரு பக்கமும் பத்துச் சந்துகளை எண்ணிட்டு, ஒவ்வொன்றிலும் ரம்பத்தகடு எத்தனை நுழைகிறது என்று வாரம் இருமுறை எழுதுங்கள். முதல் வாரத்தில் எதுவும் நடக்காததுபோல இருக்கும். பிறகு மூன்று தகடு நுழைந்த இடத்தில் இரண்டு நுழையும். ஈரமானி இருந்தால் அதன் ஊசியைப் பலகையில் குத்தி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 15 முதல் 18 சதவீதம் வந்தால் போதும். பல வாரம் ஆகலாம். மிச்ச உப்பலைக் கடல் பார்த்துக்கொள்ளும். அதற்கு இடம் விட்டுவைப்பதுதான் இந்த வேலையின் சூட்சுமம்.

தண்ணீர்க் கோட்டுக்கு மேலே உள்ள பலகைகள் கடலில் இறங்கிய பின்னும் அவ்வளவாக நனையாதவை. அவற்றுக்கு ஊறவைத்து முடித்த பின் ஆளிவிதை எண்ணெயையும் டர்பன்டைனையும் சரிபாதி கலந்து மெல்லிய பூச்சாகத் தடவலாம். பிறகு அவை சீக்கிரம் காயாது. அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடேறும்; சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் போடுங்கள்.

6. மரவேலையை முடியுங்கள்

பலகை தன் அகலத்துக்குத் திரும்பிய பின்தான் எது நிஜமான இடைவெளி, எது வறட்சியால் வந்தது என்று தெரியும். வெட்டி எடுத்த இடங்களுக்குப் புதுப் பலகை சேருங்கள். அதே சாதி மரமாக, ஏறக்குறைய அதே ஈரத்தில் இருக்கட்டும். சாய்வாகச் சீவி ஒட்டும் இணைப்பென்றால், பலகைக் கனத்தைப்போல எட்டு மடங்கு நீளம் சாய்வு வேண்டும். நேராக முட்டும் இணைப்பென்றால் இரண்டு வங்குகளுக்கு நடுவே, உள்ளே ஒரு துண்டுப் பலகையை முட்டுக்கொடுத்துத் திருகுங்கள்.

விளிம்பு தேய்ந்து, பஞ்சே நிற்காத அளவுக்கு விரிந்த சந்தில் மெல்லிய மரச்சீவலை ஆப்புபோல இறக்கலாம். அதன் ஒரு பக்கத்தை மட்டும் ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒட்டினால் அடுத்த கோடையில் பலகையே பிளந்து வழி தேடிக்கொள்ளும்.

7. கலப்பத்து அடியுங்கள்

சந்தில் பஞ்சடித்து நீர் புகாமல் செய்யும் வேலையைத் தமிழில் கலப்பத்து என்கிறோம். கருவிகள் எளியவை: மழுங்கிய அகல வாயுள்ள உளி, கொட்டாப்புளி, பஞ்சுத் திரி. அறிவு கையில் இருக்கிறது.

சாக்குகளை எடுத்துவிட்டு இரண்டு நாள் நிழலில் விடுங்கள். மேற்பரப்பு காய்ந்து உள்ளே ஈரம் நிற்க வேண்டும். சந்தின் உட்புறத்துக்கு ஒரு கை முதற்பூச்சு கொடுங்கள். முன்பெல்லாம் ஈயச் செந்தூரம் கலந்த பூச்சு. அது நஞ்சு என்பதால் இன்று ஈயமில்லாத எண்ணெய்ப் பூச்சே போதும். பூசாவிட்டால் வெறும் மரம் மக்கில் உள்ள எண்ணெயை உறிஞ்சிவிடும், மக்கு உதிரும்.

பூச்சு காய்ந்ததும், பலகைகள் முனையோடு முனை சேரும் குறுக்குச் சந்துகளை முதலில் அடியுங்கள். நீளச் சந்துகள் அதற்குப் பிறகு. திரியை நேராக வைத்து அடிக்கக் கூடாது. சின்னச் சின்ன மடிப்பாக, தாவணிக் கொசுவம்போல, உளியின் நுனியால் உள்ளே தள்ளிக்கொண்டே போக வேண்டும். சந்து அகலமான இடத்தில் மடிப்பு நெருக்கமாக. குறுகலான இடத்தில் திரியை இழுத்து மெலிதாக. ஒரு முழம் முடிந்ததும் திரும்பி வந்து கொட்டாப்புளியால் அடித்து இறுக்குங்கள். சத்தத்தைக் கேளுங்கள். மந்தமாக ஒலித்தது மெல்ல மெல்லக் கூர்மையாகி, ஒரு கட்டத்தில் ‘டிங்’ என்று தெறிக்கும். அங்கே நிறுத்திவிடுங்கள். பஞ்சு சந்தின் ஆழத்தில் பாதிக்குக் கீழே உட்கார்ந்திருக்க வேண்டும். கனத்த கப்பல் பலகைக்குச் சணல்நார் அடிப்பார்கள். ஓரங்குலம், அதற்கும் குறைவான பலகைக்குப் பஞ்சே சரி.

இறுக்கி அடித்தால் நல்லது என்று நினைப்பதுதான் புதுக்கையின் பிழை. ஊறும் பலகையின் விசை பெரிது. சந்தில் இடமில்லாவிட்டால் அது ஆணியை இழுக்கும், வங்கை முறிக்கும், ஏராவிலிருந்து முதல் பலகையையே பிரிக்கும். ஏராவை ஒட்டிய சந்தில் கை இன்னும் லேசாக இருக்கட்டும்.

அந்தச் சந்து எவ்வளவு முக்கியம் என்பதற்கு சுஹைலியே சாட்சி. பயணம் தொடங்கிய சில வாரங்களில் ஏராவை ஒட்டிய சந்துகள் இருபுறமும் கசிந்தன. நாக்ஸ்-ஜான்ஸ்டன் நடுக்கடலில் மூழ்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பஞ்சடிக்கப் பார்த்தார்; பஞ்சு நிற்கவில்லை. கான்வாஸ் பட்டையில் பஞ்சைத் தைத்து, தார் பூசி, கீழே கொண்டுபோய்ச் சின்ன ஆணிகளால் அடித்தார். அதன்மேல் செம்புத் தகடு. நடுவில் சுற்றிவந்த சுறாவைத் துப்பாக்கியால் சுட வேண்டியிருந்தது. கரையில் நிதானமாகச் செய்யும் வேலையின் அருமை அப்போது தெரியும்.

8. மக்கும் பூச்சும்

அடித்த பஞ்சின்மேல் மறுபடி ஒரு கை முதற்பூச்சு. அது பஞ்சைக் கட்டிப்பிடிக்கும். காய்ந்ததும் எண்ணெய் மக்கு. சுண்ணாம்புப் பொடியும் ஆளிவிதை எண்ணெயும் பிசைந்த பழைய மக்கே இன்றும் நல்ல மக்கு. தண்ணீருக்குக் கீழே இருக்கும் சந்துக்குக் கொஞ்சம் கொழுப்பைச் சேர்த்தால் வருடக்கணக்கில் இளக்கமாக இருக்கும். எபாக்ஸியை இந்தப் பக்கம் கொண்டுவராதீர்கள். அது மரத்தைவிடக் கடினம்; பலகை ஊதும்போது வழிவிடாது.

மக்கைப் பலகையின் மட்டத்துக்குச் சமமாக வழித்துவிடாமல், கட்டைவிரலை ஓட்டியதுபோலச் சற்றுக் குழிவாக விடுங்கள். கடலில் பலகை உப்பும்போது மக்கு பிதுங்கி மட்டத்துக்கு வரும். கரையில் கண்ணாடிபோல வழவழத்த படகு, தண்ணீரில் ஒரு மாதம் கிடந்தால் சந்துக்குச் சந்து வரப்புக் கட்டி நிற்கும்.

இறுதியாக, தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே பாசியும் கொட்டலசும் ஒட்டாமல் தடுக்கும் செம்புப் பூச்சு. மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவுக்கும் அதுதான் காவல். ஒரு விரற்கடை இடம்கூட விடுபடக் கூடாது. புழுவுக்கு அதுவே வாசல்.

9. தண்ணீரில் இறக்குங்கள்

இறக்கும் நாளில் இரண்டு பம்புகள் வேண்டும். ஒன்று மிதவைச் சுவிட்சோடு தானாக ஓடுவது. மற்றொன்று அது நின்றுபோனால் கைகொடுக்க. கிரேன் பெல்ட்டைக் கழற்றாமல் முதல் இரவு தொங்கலிலேயே விட முடிந்தால் மிக நல்லது.

தண்ணீர் உள்ளே வரும். பயப்படாதீர்கள். முதல் மணியில் எத்தனை வாளி, ஆறாவது மணியில் எத்தனை வாளி என்று எழுதுங்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் மரம் குடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலான படகுகள் இரண்டு மூன்று நாளில் சேர்ந்துகொள்ளும். குறையவே இல்லை என்றால் எந்தச் சந்து என்று உள்ளிருந்து கண்டுபிடித்து, படகைத் தூக்கி, அந்த இடத்தை மட்டும் பாருங்கள். சிறு கசிவுக்குப் பழைய மாலுமிகள் செய்வது: ஒரு கூடை மரத்தூளைப் படகின் அடியில் தண்ணீருக்குள் விடுவார்கள். கசிவு அதைத் தானே இழுத்துக்கொண்டு, தூள் ஊதி அடைத்துக்கொள்ளும்.

உடனே பாய் ஏற்றாதீர்கள். பாய்மரத்தின் கம்பிகளை இறுக்கினால் படகின் இரு முனையும் மேலே இழுபடும். இன்னும் சேராத சந்துகள் அதில் வாய்திறக்கும். இரண்டு வாரம் துறையில் கிடக்கட்டும். பிறகு லேசான காற்றில் ஒரு நாள். திரும்பி வந்து அடிவயிற்றைப் பாருங்கள். முதல் பருவம் முடிந்து கரையேற்றும்போது பிதுங்கிய மக்கைச் சீவிவிட்டுப் பூசினால் வேலை முடிந்தது.

மரப்படகைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைப்பவர்கள் அதைக் கரையில் பூட்டி வைத்துத்தான் பெரும்பாலும் இழக்கிறார்கள். செப்பனிட வருடத்துக்குச் சில வாரம் கரை போதும். அடுத்த முறை படகைக் கரையேற்றும்போது, தண்ணீருக்குத் திரும்பும் தேதியை முதலில் நாட்காட்டியில் குறித்துவிட்டு, அப்புறம் ஏற்றுங்கள்.